நம் வீட்டுப் பாட்டும் நாளைய பிள்ளைகளும்
(சங்கத்தின் பொன்விழாக் கூட்டத்தில் கலை இலக்கியப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சங்கத்தின் வரலாறு, கல்வி உதவி, நலநிதி ஆகியவற்றைப் பற்றி மற்றவர்கள் விரிவாகப் பேசுவார்கள். டிஜிட்டல் காலத்தில் நம் பாரம்பரிய நிகழ்த்துகலைகளை எப்படி மீட்பது, எப்படி வளர்ப்பது என்பது எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. தலைப்பைக் கேட்டதும் சிலர், "நிகழ்த்துகலைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அதெல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸில் பரதநாட்டியம் சொல்லித் தருகிறவர்களின் விஷயமாயிற்றே?" என்று நினைக்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போவோம்.

தமிழ் முஸ்லிம்களின் இலக்கியத்தில் பெரும்பகுதி கண்ணால் வாசிப்பதற்கு முன்பே காதால் கேட்கப்பட்டது. 1572ஆம் ஆண்டு மதுரையில் அரங்கேறிய வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' கேள்வியும் பதிலுமாக அமைந்த நூல். ஒருவர் கேட்க ஒருவர் சொல்ல, சுற்றியிருப்போர் கேட்டு மகிழ்வதற்கு ஏற்ற வடிவம் அது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டம், 5,000க்கும் மேற்பட்ட விருத்தம். ஊர்களில் இரவு நேரத்தில் ஒருவர் ராகத்தோடு பாட, மற்றொருவர் பொருள் சொல்ல, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதை அறிந்து வைத்திருந்தார்கள். கிஸ்ஸா என்பது கதைப்பாட்டு. படைப்போர் என்பது போர்க்கதைப் பாட்டு. முனாஜாத்து என்பது இறைவனிடம் மன்றாடும் பாட்டு. தொண்டிக்கு அருகே பிறந்து சென்னையில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபின் கீர்த்தனைகளும் கண்ணிகளும் பாடுவதற்கென்றே பிறந்தவை. காயல்பட்டினம் காசிம் புலவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது பாடிய திருப்புகழ், சந்தம் தவறாமல் பாடினால்தான் சுவைக்கும்.

இவை புலவர்களின் படைப்புகள். தெருவிலும் வீட்டிலும் இருந்தவை தனி. ரமலான் இரவுகளில் பக்கீர்ஷாக்கள் தாயிராவைக் கொட்டிப் பாடிக்கொண்டே வந்து சஹருக்கு எழுப்புவார்கள். இன்று அந்த வேலையைக் கைப்பேசி அலாரம் செய்கிறது. பெண்கள் கல்யாண வீட்டில் மணப்பெண்ணைச் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். தொட்டில் கட்டிய நாளிலும் பாடினார்கள். அரபுத்தமிழில் எழுதிய மாலைகளை ஓதினார்கள். நாகூர் தர்காவில் வித்வான் என்றே ஒருவர் இருந்தார். எஸ்.எம்.ஏ. காதர் அவர்கள் 'தர்கா வித்வான்' என்ற பெயராலேயே அறியப்பட்டார். ஆந்திராவில் பிறந்து, தஞ்சாவூர்ப் பாணியை நாச்சியார்கோயில் ஆசிரியர்களிடம் கற்று, ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த நாகஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998ஆம் ஆண்டுக்குரிய சங்கீத கலாநிதி விருதைச் சென்னை மியூசிக் அகாடமி வழங்கியது. நாகர்கோவில் கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் மனத்தில் தாங்கிப் பதில் சொல்லி, சதாவதானி என்று பெயர் பெற்றார். அவதானமும் ஒரு நிகழ்த்துகலைதான். ஆகவே, நமக்கும் கலைக்கும் சம்பந்தம் உண்டா என்ற கேள்வியை இத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

கடல் தாண்டி வந்தபோது நம் முன்னோர் இவற்றையும் கொண்டு வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்கு சூலியா ஸ்திரீட்டில் ஒரு நாகூர் தர்கா எழுந்தது. சிங்கப்பூர் தெலுக் ஆயரில் 1828 முதல் 1830 வரை இன்னொன்று கட்டப்பட்டது. ஊர் விட்டு ஊர் வந்த மனிதர்கள் பிழைப்புக்கு ஒரு கடையும் தொழுகைக்கு ஓர் இடமும் தேடினார்கள். கூடவே, கூடிப் பாட ஓர் இடத்தையும் தேடிக்கொண்டார்கள். 1872இல் சிங்கப்பூரில் அச்சான 'முனாஜாத்துத் திரட்டு' இந்த வட்டாரத்தில் வெளிவந்த மிகப் பழைய தமிழ் நூல்களில் ஒன்று. அதை இயற்றியவர் நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவர். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இந்த மண்ணின் தமிழ் அச்சு வரலாற்றின் முதல் பக்கங்களிலேயே நிற்பது ஒரு பாட்டுப் புத்தகம். 1887இல் சி.கு. மகுதூம் சாயபு 'சிங்கைநேசன்' வார இதழைத் தொடங்கினார். அச்சும் பாட்டும் நம் சமூகத்தில் கைகோத்து நடந்தன.

பினாங்கின் போரியாவைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். இந்தியப் படைவீரர்களோடு வந்த முஹர்ரம் ஊர்வலப் பாட்டிலிருந்து அது பிறந்ததாகச் சொல்வார்கள். பாடல் கட்டி முன்னே பாடும் துக்காங் காராங் ஒருவர், பின்னால் வண்ண உடையில் ஆடிப் பாடும் குழு ஒன்று. காலப்போக்கில் அது மலாய் மொழிக்கு மாறி, பினாங்கு மாநிலத்தின் கலையாகவே ஆகிவிட்டது. அதே பினாங்கில் பார்சி நாடகங்களைப் பார்த்து உருவான பங்சாவான் மேடையிலும் 'மாமாக்' என்று அழைக்கப்பட்டவர்கள் முன்னோடிகளாக இருந்தார்கள். போரியா நமக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. கலை பிழைத்துக்கொண்டது என்பது ஒன்று. தன் மொழியை இழந்துதான் பிழைத்தது என்பது மற்றொன்று. மலாய்ச் சகோதரர்களோடு கலந்து வளர்ந்ததில் நமக்குப் பெருமையே. ஆனால் தமிழில் இருந்தவை தமிழிலேயே தொடர வேண்டுமானால், அதைச் செய்ய வேண்டியவர்கள் நாம்தாம். வேறு யாரும் வந்து செய்ய மாட்டார்கள்.

நம் சங்கம் தொடங்கிய காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, அந்நாளைய தொழில்நுட்பம் எது என்று சொல்லத் தேவையில்லை. கேசட்தான். அதற்கு முன் இசைத்தட்டும் வானொலியும். 1925இல் பிறந்து 2015 ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்த நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் குரல் நம் வீடுகளுக்குள் வந்தது அந்த வழியில்தான். ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் கடைசி வரிசை வரை கேட்கும் குரல் அது. 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாட்டை முஸ்லிம் அல்லாத வீடுகளிலும் போட்டுக் கேட்டார்கள். தோட்டத்து லயங்களிலும் கிள்ளான் கடைத்தெருவிலும் நோன்பு மாதம் வந்துவிட்டது என்பதை அந்தக் குரலே அறிவித்தது. இதை நாம் எதற்காகச் சொல்கிறோம்? தொழில்நுட்பம் நம் கலைக்குப் பகை என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறோம். இசைத்தட்டும் கேசட்டும் இல்லையென்றால் நாகூர்க் குரல் தெலுக் பங்லிமா காராங்குக்கு வந்திருக்குமா?

அப்படியானால் இன்றைய தொழில்நுட்பத்திலும் நன்மை இருக்கத்தான் வேண்டும். இருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியாகச் சீறாப்புராணத்தை எந்த ஊரில் இருந்தும் கட்டணமின்றி வாசிக்கலாம். 2005 முதல் இலங்கையின் நூலகம் நிறுவனம் ஈழத்து முஸ்லிம்களின் நூல்களையும் இதழ்களையும் சேர்த்து இணையத்தில் வைத்து வருகிறது. சுனாமிக்குப் பிறகு கடலோர மக்களின் இசையைத் தேடிச் சென்ற சென்னை எர்த்சிங்க் நிறுவனம், நாகூர் தர்காவின் பாடகர்களை வைத்து 'நாகூர் செஷன்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டது. தர்கா வாசலில் பாடியவர்களின் குரலை உலகின் மறுகோடியில் இருப்பவர்களும் கேட்டார்கள்.

இவ்வளவும் இருக்க, நம் கவலை என்ன? நம் பிள்ளைகள் பள்ளியில் மலாய் பேசுகிறார்கள், வேலையில் ஆங்கிலம் பேசுகிறார்கள். தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்குத் தமிழ் என்பது நன்னியோடு பேசும் மொழி. நன்னி மறைந்தால் அந்தப் பேச்சும் நின்றுவிடும். படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் பாட்டு நாவில் ஒட்டும். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் தாலாட்டு முழுவதையும் சொல்லும் பிள்ளைகள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். ஆக, பாட்டைக் காப்பது என்பது தமிழுக்கும் நம் பிள்ளைகளுக்கும் இடையே மீதமிருக்கும் கதவைத் திறந்து வைப்பதாகும். அதனால்தான் இதைப் பொழுதுபோக்கு விஷயமாக நாங்கள் கருதவில்லை.

இனிச் செயலுக்கு வருவோம். பெரிய கலைஞர்களின் பாட்டு எப்படியும் எங்காவது இருக்கும். நம் சங்கத்து மீலாது மேடைகளில் பாடியவர்கள், கல்யாண வீட்டில் பாடிய பெண்கள், மௌலூது ஓதிய பெரியவர்கள் ஆகியோரின் குரல் நம் அலமாரியிலும் கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டியிலும் மட்டுமே இருக்கிறது. அந்தக் கேசட் நாடாவில் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதைகிறது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கிறது. பூஞ்சை பிடித்த நாடாவைச் சுத்தம் செய்யாமல் ஓடவிட்டால் நாடாவும் கெடும், கருவியும் கெடும். நல்ல கேசட் கருவி கிடைப்பதும், கெட்டதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் கிடைப்பதும் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகி வருகிறது. ஆகவே இது அவசரமான வேலை.

கடினமான வேலையா என்றால், இல்லை. 90 நிமிடக் கேசட்டை மாற்ற 90 நிமிடம் ஆகும், அவ்வளவுதான். ஒலிக் காப்பகங்கள் கடைப்பிடிக்கும் குறைந்தபட்ச அளவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். அந்த அளவில் ஒரு 90 நிமிடக் கேசட் ஏறக்குறைய ஒன்றரை கிகாபைட் இடம் பிடிக்கும். நூறு கேசட்டுகளைச் சேர்த்தாலும் 160 கிகாபைட்டைத் தாண்டாது. சட்டைப்பையில் அடங்கும் ஒரு சேமிப்பு வட்டில் நம் ஜமாஅத்தின் அரை நூற்றாண்டுக் குரல் முழுவதும் அடங்கிவிடும். மூலப் பதிவை வேவ் கோப்பாக வைக்க வேண்டும். எம்பி3 கோப்பு வாட்ஸ்அப்பில் அனுப்ப வசதியானது, ஆனால் சுருக்கும்போது ஒலியின் ஒரு பகுதியை அது தள்ளிவிடுகிறது. தள்ளியதைத் திரும்பப் பெற முடியாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒரு பிரதி வேறு இடத்தில் என்பதே காப்பகத்தாரின் விதி. சங்கக் கட்டடத்தில் ஒன்று, ஓர் உறுப்பினர் வீட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று வைத்தால் வெள்ளம் வந்தாலும் கவலையில்லை. 2021 டிசம்பரில் கிள்ளான், ஷா ஆலாம் பகுதி வெள்ளத்தில் எத்தனை வீட்டு ஆல்பங்கள் போயின என்பதை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கோப்பை மட்டும் சேர்த்தால் போதாது. பாடியவர் யார், எந்த ஊர்க்காரர், எந்த நிகழ்ச்சி, எந்த ஆண்டு, பாட்டைக் கட்டியவர் யார் என்று எழுதி வைக்க வேண்டும். பெயரில்லாத குரல் பத்து ஆண்டுகளில் யாருக்கும் சொந்தமில்லாத குரலாகிவிடும். இந்தத் தகவலைச் சொல்லக்கூடியவர்கள் இன்று இந்த மண்டபத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இளைஞர்கள் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். கேசட்டோடு சேர்த்து, நன்னா நன்னி காலத்துக் கையெழுத்து நோட்டுகளையும் கொண்டு வாருங்கள். அரபுத்தமிழில் எழுதியதைப் படிக்கத் தெரியவில்லை என்று பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, பாட்டு எழுதியவரின் உரிமை அவர் மறைந்த பிறகும் 50 ஆண்டுகள் நீடிக்கும். ஒலிப்பதிவுக்கும் பாடியவருக்கும்கூட 50 ஆண்டு உரிமை உண்டு. எனவே கடையில் வாங்கிய கேசட்டைப் பிரதி எடுத்து யூடியூபில் ஏற்றுவது சங்கத்தின் வேலை ஆகாது. நம் வீட்டில், நம் மேடையில் பதிவானவற்றைப் பாடியவர் அல்லது அவர் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் வெளியிட வேண்டும். கல்யாண வீட்டில் தங்களுக்குள் பாடிய பெண்களின் குரலை உலகத்துக்குப் போட்டுக் காட்ட அவர்களுக்கு விருப்பமில்லை என்றால், அது குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும். காப்பதற்கும் பரப்புவதற்கும் வித்தியாசம் உண்டு. எல்லாவற்றையும் காப்போம், சம்மதம் உள்ளதைப் பரப்புவோம்.

இப்படிச் சொல்லும்போது மூன்று கேள்விகள் எழும் என்பது எங்களுக்குத் தெரியும்.

இசை மார்க்கத்துக்கு உகந்ததா என்பது முதல் கேள்வி. இசைக்கருவிகள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்த்து வைக்க நமக்குத் தகுதியும் இல்லை, இது அதற்கான மேடையும் இல்லை. ஆனால் நாம் காக்க நினைப்பவற்றில் பெரும்பகுதி வெறும் குரலால் பாடப்படுவது. மிஞ்சினால் ஒரு தாயிரா. மலாய்ச் சகோதரர்கள் கல்யாணத்துக்கும் மௌலூதுக்கும் கொம்பாங் அடித்து ஊர் கூடி மகிழ்வதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். தர்கா வழக்கங்களை ஏற்காதவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அவர்கள் கருத்தையும் மதிக்கிறோம். ஒன்றைப் பதிவு செய்து வைப்பது வேறு, அதைக் கடைப்பிடிப்பது வேறு. முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள் என்று பிள்ளைகள் அறிய வேண்டும், அதன்பின் அவர்களே சீர்தூக்கிப் பார்க்கட்டும்.

சினிமா மெட்டில் அமைந்த இஸ்லாமியப் பாட்டெல்லாம் பாரம்பரியமா என்பது இரண்டாவது கேள்வி. நியாயமான கேள்விதான். கேசட் காலத்தில் சினிமா மெட்டில் எழுதிய பாட்டுகள் ஏராளம். அவையும் நம் வரலாறுதான், ஒதுக்க வேண்டாம். ஆனால் முதல் கவனம் எதற்கு என்றால், வேறெங்கும் கிடைக்காத பழைய மெட்டுக்கு. விருத்தம் பாடும் முறை, கிஸ்ஸா சொல்லும் நடை, ஓர் ஊரில் மட்டும் வழங்கிய தாலாட்டு, இவை போனால் போனவைதான்.

யார் கேட்பார்கள் என்பது மூன்றாவது கேள்வி. முப்பது விநாடிக் காணொளியில் பழகிய பிள்ளைகள் அரைமணி நேரக் கிஸ்ஸாவைக் கேட்பார்களா? உண்மையைச் சொன்னால், கைப்பேசியில் மட்டும் போட்டால் கேட்கமாட்டார்கள். டிஜிட்டல் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இதுதான். காணொளியைப் பார்த்தவர் எண்ணிக்கை லட்சமாக இருக்கலாம். அதில் ஒருவராவது அந்தப் பாட்டைத் தானே பாடக் கற்றாரா என்று கேட்டுப் பாருங்கள். பதிவு கலையின் நிழற்படம், அதைப் பாடும் பிள்ளைதான் கலையின் உயிர்.

நம் பள்ளத்தாக்கிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981இல் தொடங்கியது. காஜாங்கில் பிறந்த மலாய் முஸ்லிமான ரம்லி இப்ராஹிம் 1983இல் சூத்ரா நடனக் குழுவை நிறுவி, ஒடிசியையும் பரதத்தையும் எல்லா இனப் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்தார். 2018இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. இவை நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நின்றதற்குக் காரணம், வாரம் தவறாமல் நடந்த வகுப்பு. ஷேக் சின்ன மௌலானா 1999இல் மறைந்தார். அவருடைய பேரர்கள் காசிமும் பாபுவும் வாசிப்பதால் அந்த நாகஸ்வரம் இன்றும் ஒலிக்கிறது. இவ்வளவு ஏன், நமக்கு அண்டையில் உள்ள கேரித் தீவைப் பாருங்கள். நம்மைவிடச் சிறிய சமூகமான மா மெரி ஒராங் அஸ்லிகள் தங்கள் முகமூடியைத் தாங்களே செதுக்கி, ஆண்டுதோறும் ஹரி மோயாங் நாளில் கூடி ஆடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பாடம் கற்பதில் நமக்கு வெட்கம் எதுவும் இல்லை.

ஆகவே எங்கள் பிரிவு இந்தப் பொன்விழாவில் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறது.

ஒன்று, அடுத்த பெருநாளுக்குள் ஒவ்வொரு குடும்பமும் தன்னிடம் உள்ள கேசட், நோட்டு, பழைய நிகழ்ச்சி அழைப்பிதழ் ஆகியவற்றைச் சங்கத்தில் ஒப்படைக்க வேண்டும். பிரதி எடுத்தபின் மூலத்தை அப்படியே திருப்பித் தருவோம். பிரதி ஒன்று உங்கள் குடும்பத்துக்கும் கிடைக்கும்.

இரண்டு, ஒவ்வொரு வீட்டிலும் உள்ள பேரப்பிள்ளை தன் வீட்டு மூத்தவர் ஒருவரின் பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, கைப்பேசியை ஒரு முழத்துக்குள் வைத்து, முதலில் பெயரையும் ஊரையும் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தால் போதும். குரல் நடுங்குகிறதே, பாதி மறந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். நினைவிருக்கும் பாதியையும் இப்போது வாங்காவிட்டால் அதுவும் கிடைக்காது.

மூன்று, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே, சங்க மண்டபத்தில் பாட்டு வகுப்பு. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனியே. ஆண்டுக்குப் பன்னிரண்டு பாட்டு. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்குக் காதால் சொல்லிக் கொடுப்போம், பிறகு எழுத்தையும் காட்டுவோம். கற்றதை மீலாது மேடையில் பாட வைப்போம். அதைப் பதிவு செய்து இணையத்தில் போடுவோம். கற்பது முதலில், பதிவேற்றுவது அதற்குப் பிறகு.

சங்கத்தின் அறுபதாவது ஆண்டு மலரில் யாராவது இதைப் பற்றி எழுதினால், எத்தனை கோப்பு சேர்த்தோம் என்பதைவிட, எத்தனை பிள்ளைகள் பார்க்காமல் பாடுகிறார்கள் என்று எழுத வேண்டும் என்பதே எங்கள் ஆசை. பெட்டியைத் திறப்பதற்கு இன்றிரவே நேரம் ஒதுக்குங்கள். மூத்தவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றே ஒரு பாட்டைச் சொல்லிக் கொடுங்கள்.

நம் முன்னோரின் உழைப்பை இறைவன் ஏற்று அருள்வானாக. நம் பிள்ளைகளின் நாவில் நல்ல தமிழையும் நல்ல சொற்களையும் நிலைக்கச் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.